கெத்ரின் மிஸ் விட்டுட்டுப் போன புல்லு

களுவாஞ்சிக்குடியில் வளவுக்குள் புல் வளர்க்கிற வழக்கம் இல்லை. வளவு என்றால் வெள்ளை மணல். விடிய எழும்பி ஈர்க்கு விளக்குமாற்றால் கூட்டினால் மணலில் வரி வரியாகத் தடம் விழவேண்டும். அந்த வரிகளின் மேல் முதல் கால் வைப்பது வீட்டுக் கோழியாக இருந்தால் அது ஒழுங்கான வீடு. ஒரு புல் தலை காட்டினாலும் குனிந்து பிடுங்கிப் போட்டுவிட்டுத்தான் அடுத்த வேலை. ஆகையால் கடற்கரை வீதியால் சைக்கிளில் போகிறவர்கள் அருமைநாயகத்தாரின் முன்வளவைக் கண்டதும் மிதிப்பதை நிறுத்தி, சைக்கிளை உருளவிட்டுப் பார்த்துக்கொண்டு போனார்கள். வேலி வாசல் கடப்படியிலிருந்து விறாந்தைப் படி வரைக்கும் ஒரே புல். 2010ஆம் ஆண்டு தை மாதம் மாரி மழை ஓய்ந்தபோது அது முழங்கால் உயரத்துக்கு வந்திருந்தது.

அதை நட்டது வீட்டுக்காரர் இல்லை. சுனாமி வந்த அன்று கடல் அந்த வீட்டு விறாந்தைக்குள் ஏறி, சாமியறை வாசற்படியில் நின்று திரும்பியது. உயிருக்கு ஒன்றுமில்லை. ஆனால் வீட்டுக்காரி புஸ்பம் இருபது வருஷமாகக் கூட்டி வெளுப்பாக்கி வைத்திருந்த மணலைக் கடல் வழித்துக்கொண்டு, கறுத்தச் சேற்றைப் பரப்பிவிட்டுப் போனது. தோடை, கொய்யா, மல்லிகைப் பந்தல் எல்லாம் உப்பில் கருகின. அடுத்த வருஷம் ஒரு வெளிநாட்டு உதவி நிறுவனம் வீட்டை வாடகைக்குக் கேட்டது. குடும்பம் பின்வளவில் இரண்டறை கட்டிக்கொண்டு ஒதுங்கியது. நிறுவனத்தின் பெரிய ஆளாக வந்த கெத்ரின் மிஸ், இந்தச் சேற்றைப் பார்த்துக்கொண்டிருந்தால் தனக்கு வேலை ஓடாது என்று சொல்லி, கண்டிப் பக்கமிருந்து லொறியில் புல் இறக்கினாள். சுருட்டிய பாய் மாதிரி வந்த புல்லை விரித்து, தண்ணீர் ஊற்றி, வேலியோரம் செவ்வரத்தையும் நட்டாள். மாதம் இரண்டு தரம் நிறுவனத்து ட்ரைவர் ஒரு மெசினால் அதை வெட்டுவான். பின்வளவிலிருந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த அருமைநாயகம் ஒருநாள் மனைவியிடம் சொன்னார்:

"புல்லைக் காசு குடுத்து வாங்கி நடுற சனத்தை நான் இப்பதான் பாக்கிறன், புஸ்பம்."

அவர் அப்படிச் சொன்னதில் நியாயம் இருந்தது. அவர் மண்டூர் வட்டையின், அந்த வயல்வெளியின், வட்டவிதானை. வாய்க்கால் தண்ணீரை வயல் வயலாக முறை வைத்துத் திறந்துவிடுகிறவர். சொந்தமாக மூன்று ஏக்கர் வயலும் அங்கே இருந்தது. கோரையும் நெற்சப்பியும் கோழிச்சூடனும் என்று களை பிடுங்கிப் பிடுங்கியே அவருடைய நகக்கண் கறுத்துப் போயிருந்தது.

சண்டை முடிந்த வருஷம், ஆடி மாதத்தோடு நிறுவனம் கதவைப் பூட்டியது. மேசை, கதிரை, புல் வெட்டுகிற மெசின் எல்லாம் லொறியில் ஏறின. புல் மட்டும் நின்றது. அவர்கள் பெரிய வீட்டுக்குத் திரும்பினார்கள். அவர்கள் என்றால் அருமைநாயகம், புஸ்பம், மகள் தனுஷியா.

தனுஷியாவுக்கு இருபத்திரண்டு வயது. மூன்று வருஷத்துக்கு முன், வாவிக்கு அந்தப் பக்கம் படுவான்கரையில் செல் குண்டு விழுந்துகொண்டிருந்த மாசி மாதத்தில், மண்டூரிலிருந்த தாய்மாமன் வீட்டுக்குப் போனவள். மாமன் வீட்டு வளவுக்குள்ளேயே ஒன்று விழுந்தது. இடது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. மட்டக்களப்பில் கால் செய்து கொடுக்கிற இடத்துக்கு எட்டுத் தரம் போய், அளவெடுத்து, ஒரு கால் கொண்டுவந்தார்கள். வந்த அன்று சொந்தக்காரர் எல்லோரும் கூடியிருக்க, பின்வளவு மணலில் அதைப் போட்டுக்கொண்டு நாலு அடி வைத்தாள். குதி மணலில் புதைந்து, முகம் குப்புற விழுந்தாள். புஸ்பம் தலையில் அடித்து அழ, கூடியிருந்த பெண்கள் எல்லோரும் சாவீட்டில் போல அழுதார்கள். அன்றோடு அந்தக் கால் அலுமாரிக்குப் பின்னால் போனது. கக்கத்தில் இடுக்குகிற தடிகள் இரண்டும்தான் அவளுக்குக் கால். வளர்ந்த பிள்ளையை வற்புறுத்துவது எப்படியென்று தெரியாமல் தாயும் தகப்பனும் பேசாமல் விட்டார்கள்.

புல்லைப் பற்றிய கதை தைப்பூசத்துக்கு அடுத்த நாள் காலைச் சாப்பாட்டில் தொடங்கியது. பிட்டும் மணலை மீன் சொதியும்.

"இஞ்சேருங்க, நேத்துப் பின்னேரம் நம்மட கடப்படியால புடையன் ஒண்டு போனதாம். பால்காரன் கண்டிரிக்கான்" என்றாள் புஸ்பம்.

"மழை விட்டாப் பாம்பு வெளிக்கிடும்தானே."

"புல்லு நிண்டா வெளிக்கிடாம என்ன செய்யும்? ஊரில ஒரு வளவுக்குள்ளயும் இப்பிடி இல்ல. எல்லாத்தையும் கொத்திப் பிரட்டிப்போட்டு ரெண்டு லோட் வெள்ளை மணல் பறிப்பம். எனக்கு எண்ட முத்தம் வேணும்."

"கொத்துறது லேசில்ல. வேர் ஒண்டோட ஒண்டு பின்னி, தும்புப்பாய் மாதிரிக் கிடக்கு. மண்வெட்டி இறங்காது."

தனுஷியா பிட்டைக் குழைத்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். "வெட்டினாப் போதும்தானே அம்மா. ஏன் கொத்தோணும்?"

"வெட்டினா மறுகா வளரும் புள்ள."

"மறுகா வெட்டுறது."

"அவங்களுக்கு மெசின் இரிந்த. வெட்டச் சம்பளத்துக்கு ஆள் இரிந்த. நமக்கு என்ன இரிக்கி?"

அருமைநாயகம் கை கழுவிவிட்டு எழும்பினார். "நமக்குத் தாக்கத்தி இரிக்கி" என்றார்.

நெல் வெட்டுகிற தாக்கத்தியோடு இரண்டு காலை அந்தப் புல்லில் குந்தியிருந்தார். நெல் என்றால் ஒரு பிடி கைக்குள் அடங்கும். இந்தப் புல்லோ எலும்பில்லாத சாமான் மாதிரி வழுகியது. பிடித்து இழுத்தால் வேரோடு மண் எழும்பியது, விட்டு வெட்டினால் கத்தி மேலால் ஓடியது. இரண்டாம் நாள் முடிவில் ஒரு பாய் அகலம் வெட்டுப்பட்டிருந்தது. அதுவும் ஆடு கடித்த தலைமயிர் போல. அன்று பின்னேரம் புஸ்பம் அவருடைய இடுப்புக்கு நல்லெண்ணெய் சூடாக்கித் தேய்த்தாள். தேய்த்தபடி ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமலிருந்ததே போதுமாக இருந்தது.

செய்தி கேட்டு மண்டூரிலிருந்து சாமித்தம்பி வந்தான். புஸ்பத்தின் தமையன், தனுஷியாவின் தாய்மாமன். அவன் தனியாக வரவில்லை. குருமண்வெளித் துறைக்கு வருகிற பாதையில், அந்த மிதவைத் தட்டில், மோட்டார் சைக்கிள்களுக்கும் நெல் மூடைகளுக்கும் நடுவே இரண்டு பசுக்களை ஏற்றி வாவியைக் கடந்து, துறையிலிருந்து நடத்தியே கொண்டுவந்தான்.

"மாட்டை விடப் பெரிய மெசின் உலகத்தில இல்ல, மச்சான். முன்னால வெட்டும், பின்னால பசளை போடும்" என்றான்.

மாடுகள் முதலில் செவ்வரத்தையைத் தின்றன. பிறகு புஸ்பத்தின் கறிவேப்பிலைக் கன்று. அதற்குப் பிறகு புல்லுக்கு வந்தன. அங்கே ஒரு வாய், இங்கே ஒரு வாய். ஈர மண்ணில் அவற்றின் குளம்புகள் விழுந்த இடமெல்லாம் கோப்பை அளவுக் குழிகள். தனுஷியா யன்னலருகில் தடிகளை ஊன்றிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மாமா, மாட்டைக் கொண்டு போங்க."

சாமித்தம்பி நிலத்தைப் பார்த்தான். அந்தச் செல் விழுந்த நாளிலிருந்து அவன் மருமகளின் முகத்தைப் பார்த்துக் கதைப்பதில்லை. "ஏன் மருமகள்? நாளைக்கும் விட்டாப் பாதி முடிஞ்சிரும்."

"நிலம் குழி குழியாப் போகுது."

"கொத்தப்போற நிலம்தானே புள்ள, குழி விழுந்தா என்ன?" என்றாள் புஸ்பம்.

யன்னல் சாத்துப்பட்டது. சாமித்தம்பி அன்று சாப்பிடாமலே மாடுகளைச் சாய்த்துக்கொண்டு துறைக்குப் போனான்.

மறுநாள் அவளுடைய முழங்கையில் தோல் உரசியிருந்ததைத் தாய் கண்டாள். கிணற்றடியில் வழுக்கியது என்றாள் மகள்.

அருமைநாயகத்துக்கு வேறொரு யோசனை ஓடிக்கொண்டிருந்தது. மாடு மேய்ந்து தணிந்த பக்கத்தைப் பார்க்கப் போனவர், விறாந்தைப் படியிலிருந்து வேலி வரைக்கும் புல்லுக்குள் ஒரு கோடு போவதைக் கண்டார். ஒரு ஆள் அகலம் இல்லை. புல் முறியவில்லை, படுத்திருந்தது. வேலியடியில் வட்டமாகத் திரும்பி, அதே கோட்டால் படிக்கு வந்தது. குந்தியிருந்து பார்த்தார். கீரிப்பிள்ளை இப்படி நேராகப் போகாது. நாய் போனால் வேலியோடு நின்று திரும்பாது, வேலியில் ஓட்டை போட்டுக்கொண்டு வெளியே போகும். வாய்க்கால் கட்டில் தடம் பார்த்து, இரவு யார் மடை திறந்தது என்று கண்டுபிடிக்கிற மனுசன் அவர். தன் வளவுக்குள் போகிற தடம் எதுவென்று தெரியவில்லை.

"புஸ்பம், பகலில இந்தப் பக்கம் ஆரும் வாறதா?"

"ஆரு வாற? நான் சந்தைக்கும் கோயிலுக்கும் போனா புள்ள தனியத்தான்."

அந்த மாதம் வட்டையில் அறுவடை. அருமைநாயகம் விடிய ஐந்து மணிக்குப் போனால் பொழுதுபடத்தான் வருவார். புஸ்பம் பத்து மணிக்குக் கோயிலுக்கும் சந்தைக்கும் வெளிக்கிட்டுப் பன்னிரண்டுக்குத் திரும்புவாள். தடத்தைப் பற்றி யோசிக்க யாருக்கும் நேரம் இருக்கவில்லை. புஸ்பம் ஒரே சொல்லில் நின்றாள்: மருந்தடி.

"வயலுக்கு அடிக்கிறதை இஞ்சயும் அடிச்சா என்ன? பத்து நாளில வேரோட கருகும். மறுகா வாரி எடுத்துப்போட்டு மணல் பறிக்கலாம்."

அருமைநாயகம் களை மருந்து ஒரு போத்தல் வாங்கி வந்தார். பின்வளவில் சாமான் வைக்கிற பத்திக்குள், தெளிக்கிற கானுக்குப் பக்கத்தில், கைக்கெட்டாத தட்டில் வைத்தார். அடுத்த நாள் காலை வெயில் ஏற முதல் அடிக்கிறது என்று முடிவானது. பின்னேரம் சாப்பாட்டுக்குப் பிறகு புஸ்பம் மகளுக்குச் சொன்னாள்: "நாளைக்கு முன்பக்கம் போயிராத. மருந்தடிக்கப் போறம்." மகள் தலையாட்டினாள்.

காலையில் அருமைநாயகம் பத்திக்குள் போனார். கான் இருந்தது. போத்தல் இல்லை. தட்டுக்குக் கீழே ஒரு வாளி கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது.

"புஸ்பம், அந்தப் போத்தலை எடுத்து வெச்சயா?"

"நான் ஏன் எடுக்கிற?"

இரண்டு பேரும் வாளியைப் பார்த்தார்கள். ஒருவர் ஏறி நின்றால் தட்டு எட்டும். வீட்டில் மூன்று பேர். புஸ்பத்தின் கை தாலிக்கொடிக்குப் போனது. அந்த ஊரில் மருந்துப் போத்தல் காணாமல் போனால் அதற்கு ஒரு அர்த்தம்தான் இருந்தது. ஒவ்வொரு தெருவிலும் அப்படிச் சாவு நடந்த ஒரு வீடு இருந்தது.

தனுஷியா கிணற்றடியில் பல் தீட்டிக்கொண்டிருந்தாள். வாயில் நுரையோடு திரும்பி, "என்ன ரெண்டு பேரும் முழிச்சிக்கிட்டு நிக்கிறீங்க?" என்றாள்.

"ஒண்டுமில்ல மகள்" என்றார் அருமைநாயகம்.

அன்று அவர் வட்டைக்குப் போகவில்லை. நெல் வெட்டுகிற மெசின்காரன் பத்து மணிக்கு வயலுக்கு வருவதாக இருந்தது. தொலைபேசியில் சாமித்தம்பியைப் பார்க்கச் சொல்லிவிட்டு, விறாந்தையில் ஒரு சாக்கை எடுத்து வைத்துத் தைக்கத் தொடங்கினார். அந்தச் சாக்கில் ஓட்டை இருக்கவில்லை. புஸ்பம் கோயிலுக்குப் போகவில்லை. மகள் குளிக்கப் போன நேரம் அவளுடைய அறைக்குள் போய்த் தலையணைக்குக் கீழே, மெத்தைக்குக் கீழே, உடுப்புப் பெட்டிக்குள் எல்லாம் கை விட்டுப் பார்த்தாள். அலுமாரிக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். அங்கே போத்தல் இல்லை. கால் இருந்தது. வருஷக்கணக்காக ஒருவரும் தொடாத சாமானில் தூசி இருக்கவேண்டும். அதில் தூசி இல்லை. அவளுக்கு அப்போது அதை யோசிக்கிற நிலைமை இல்லை.

இறால் வாங்கிப் பொரித்தாள். மகளுக்கு இறால் பொரியல் என்றால் உயிர். தட்டில் குவித்து வைத்தாள்.

"என்னகா அம்மா, இண்டைக்கு என்ன விசேஷம்?"

"சாப்பிடு புள்ள. உனக்கு விருப்பமெண்டுதானே."

"அப்பா ஏன் வட்டைக்குப் போகல்ல?"

"அவருக்கு இடுப்பு நோவு."

"நீங்க ஏன் கோயிலுக்குப் போகல்ல?"

"எனக்கும் ஏலாம இரிக்கி."

தனுஷியா தாயை ஒரு மாதிரிப் பார்த்தாள். சாப்பிட்டு முடித்து யன்னலடிக்குப் போனாள். தகப்பன் விறாந்தையில் இருந்தார். அறைக்குள் போனாள். திரும்ப வந்தாள். தகப்பன் இருந்தார். குசினிக்குப் போனால் தாய் பின்னால் வந்தாள். இரண்டு மணியாகிவிட்டது. அவர்கள் இருவரும் அவள் கண்ணை விட்டுப் போய்விடுவாளோ என்று இருந்தார்கள். அவளோ இவர்கள் எப்போது வெளிக்கிடுவார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு வீட்டுக்குள் மூன்று பேர், ஒருவரை ஒருவர் காவல் காத்தபடி.

கடைசியில் அருமைநாயகத்துக்குப் பொறுக்கவில்லை. சாக்கைக் கீழே வைத்தார்.

"மகள், இஞ்ச வா. இரி."

வந்து கதிரையில் இருந்தாள். தடிகளைச் சுவரில் சாத்தினாள்.

"பத்திக்குள்ள ஒரு போத்தல் வெச்சன்."

"நான்தான் எடுத்தன்."

குசினி வாசலில் நின்ற புஸ்பம் விறாந்தைக்கு வந்தாள்.

"எங்க வெச்சிரிக்காய்?"

"கோழிக்கூட்டுக்குப் பின்னால, பழைய தண்ணிப் பரலுக்குக் கீழ. மூடியே துறக்கல்ல. போய்ப் பாருங்க."

அவர் போய்ப் பார்க்கவில்லை. "ஏன் எடுத்தாய், மகள்?"

அவள் முற்றத்தைப் பார்த்தாள். சொல்வதா விடுவதா என்று யோசிக்கிற முகம்.

"அடிச்சாப் புல்லுச் செத்திரும் அப்பா."

புஸ்பம் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு இருந்தாள். அருமைநாயகம் மகளைப் பார்த்தார், புல்லைப் பார்த்தார், திரும்ப மகளைப் பார்த்தார். "புல்லுச் செத்தா உனக்கென்ன?"

"நில்லுங்க வாறன்."

உள்ளே போனாள். அலுமாரி அசைகிற சத்தம் கேட்டது. வெளியே வந்தபோது அவளுக்கு இரண்டு கால் இருந்தது. ஒரு தடி மட்டும் வலது கையில். படியில் பக்கவாட்டாக இறங்கி, புல்லுக்குள் கால் வைத்தாள். தகப்பன் கண்ட அதே கோட்டால் வேலி வரைக்கும் போனாள். அழகான நடை என்று சொல்ல முடியாது. இடுப்பு ஒரு பக்கம் எழும்பி விழுந்தது. நடுவழியில் நின்று, மாட்டுக் குழி ஒன்றைத் தடியால் தட்டிப் பார்த்து, விலத்திப் போனாள். வேலியில் கை வைத்து, திரும்பி நின்று, அங்கிருந்தே சொன்னாள்:

"மணலில குதி புதையுது. றோட்டில போனாச் சனம் பாக்குது. வீட்டுக்குள்ள பதினொரு அடிக்குச் சுவர் வந்திரும். இஞ்ச மட்டும்தான் நிலம் பிடிச்சுக்கொண்டு நிக்கி. வேர் பின்னிக் கிடக்கிறதால."

"எப்ப இரிந்து?"

"கார்த்திகை மாசம் இரிந்து. நீங்க ரெண்டு பேரும் போனாப் பிறகு."

"எங்களுக்கு ஏன் சொல்லல்ல புள்ள?" என்றாள் புஸ்பம்.

"நான் விழுந்தா எழும்பிருவன் அம்மா. நீங்க அழுதா எனக்கு எழும்ப ஏலாது."

புஸ்பம் அழவில்லை. கஷ்டப்பட்டுத்தான் அழாமல் இருந்தாள்.

"புல்லு நீளமா நிக்கிறதுதான் கரைச்சல்" என்றாள் தனுஷியா. இப்போது அவள் ஒரு வேலைக்காரனிடம் வேலையைப் பற்றிச் சொல்கிற மாதிரிச் சொன்னாள். "பாதத்தில சுத்துது. கீழ இரிக்கிற குழியும் தெரியாது. விரலளவில நிண்டாப் போதும். கெத்ரின் மிஸ் இரிக்கக்குள்ள நிண்ட மாதிரி."

அருமைநாயகம் இறங்கிப் போய் அந்தக் கோட்டில் குந்தினார். வலது பாதம் விரல்களோடு பதிந்திருந்தது. இடது பக்கம், எல்லா இடத்திலும் ஒரே அச்சு. இவ்வளவு தெளிவாகக் கிடந்ததைத் தான் கீரியா நாயா என்று பார்த்துக்கொண்டிருந்ததை நினைத்து அவருக்கு வெட்கமாக இருந்தது.

அடுத்த நாள் போத்தல் கடைக்குத் திரும்பிப் போனது. அருமைநாயகம் பஸ் ஏறிக் காத்தான்குடிக்குப் போனார். அங்கே கிடைக்காத சாமான் இல்லை என்பது ஊர்க் கதை. பிரதான வீதியில் நாலு இரும்புக் கடையில் விசாரித்தார். புல் வெட்டுகிற மெசின் என்றதும் ஒவ்வொரு கடையிலும் அவரைத் திரும்பக் கேட்டார்கள். வீட்டுச் சுவரும் வீட்டுச் சுவரும் முட்டிக்கொண்டு நிற்கிற ஊரில் ஒரு முழப் புல்லுக்கு இடமில்லை. நாலாவது கடைக்காரர் யோசித்துவிட்டுச் சொன்னார்: "ஆதம்பாவா காக்கா ஊட்ட போய்ப் பாருங்கோ. கட்டார்ல பதினொரு வருஷம் புல்லு வெட்டின மனுசன்."

ஆதம்பாவாவுக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். கதை கேட்டதும் அருமைநாயகத்தின் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய் மாடிப்படிக்குக் கீழே காட்டினார். அங்கே ஒரு கைப்பிடி தெரிந்தது. மற்றதெல்லாம் காயப்போட்ட உடுப்பு.

"ஆறு வருஷமா இதுலதான் உடுப்புக் காயுது" என்றாள் அவருடைய மனைவி ஹஸீனா, சாரங்களை அள்ளியபடி. "எல்லாரும் அங்க இரிந்து நகையும் டீவியும் கொண்டு வருவாங்க. இவரு புல்லு வெட்டுற மெசினைக் கொண்டு வந்தாரு. புல்லு எங்க எண்டு கேட்டா, எண்டைக்காச்சும் வரும் எண்டாரு."

"வந்திட்டுதானே" என்றார் ஆதம்பாவா.

எஞ்சின் இல்லாத மெசின் அது. இரண்டு சில்லு, நடுவில் சுழலுகிற ஐந்து அலகு, நீளக் கைப்பிடி. தள்ளினால் வெட்டும். ஆதம்பாவா தேங்காய்ப்பாலும் ஏலமும் மணக்கிற வட்டிலப்பத்தை அவருக்கு முன்னால் வைத்துவிட்டு, வைத்தியர் மாதிரிக் கேட்கத் தொடங்கினார். புல்லு ஊசியா, தட்டையா? நிழல் இருக்கிறதா? உப்புத் தண்ணியா, நல்ல தண்ணியா? என்ன உயரம்?

"முழங்கால் வரைக்கும்."

"அது சரிவராது விதானையார். இது முழங்கால் புல்லைத் தின்னாது, சுத்திக்கொண்டு நிண்டிரும். முதல்ல தாக்கத்தியால ஒரு சாணுக்கு இறக்கோணும். இழுத்து வெட்டப்படா, வீசி வெட்டோணும். குழி இரிந்தா நிரப்போணும். நான் சனிக்கிழமை வாறன். வெள்ளண்ணயா வரமாட்டன், பனி காயோணும்."

வெள்ளிக்கிழமை சாமித்தம்பி இரண்டு தாக்கத்தியோடு வந்தான். அவனும் அருமைநாயகமும் வீசி வெட்டினார்கள். அது ஆதம்பாவா சொன்னபடியே லேசாக இருந்தது. சாமித்தம்பி இடையில் நிமிர்ந்து, படியில் இருந்த மருமகளைப் பார்த்து, "மாட்டுக் குழிக்கு என்ன செய்ற மருமகள்?" என்று கேட்டான். முகத்தைப் பார்த்துத்தான் கேட்டான். கேட்ட பிறகுதான் அது அவனுக்கே தெரிந்தது போலிருந்தது. குனிந்து இன்னும் வேகமாக வெட்டினான்.

குழிக்குச் செய்ய வேண்டியதைப் புஸ்பம் செய்தாள். ஒருவரும் சொல்லவில்லை. கடற்கரைக்குப் போய் வாளியில் வெள்ளை மணல் அள்ளிவந்தாள். ஒவ்வொரு குழியாக நிரப்பி, உள்ளங்கையால் அமுக்கி, மேலே தண்ணீர் தெளித்தாள். ஐந்து நடை போய் வந்தாள். கடைசியில் பச்சைக்கு நடுவே அங்கங்கே வெள்ளை வட்டங்கள் கிடந்தன. "இதுக்குள்ளயும் வேர் ஓடிருமா?" என்று புருசனிடம் கேட்டாள்.

"ஒரு மழைக்கு ஓடிரும்."

சனிக்கிழமை பத்து மணிக்கு முச்சக்கரவண்டியில் ஆதம்பாவா வந்தார். கைப்பிடி ஒரு பக்கத்தால் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டுப் புல்லில் இறங்கி, ஒரு பிடி கிள்ளி மூக்கில் வைத்துப் பார்த்தார். "நல்ல சாதி" என்றார். அலகுக்கு எண்ணெய் விட்டு, வேலியோரமாக முதல் வரியைத் தள்ளினார். கத்தரிக்கோல் ஓடுகிற மாதிரி ஒரு சத்தம். பின்னால் விரலளவில் புல் விரிந்து வந்தது. வெட்டின புல்லின் மணம் விறாந்தை வரைக்கும் ஏறியது. புஸ்பம் தேத்தண்ணி வைக்க மறந்து பார்த்துக்கொண்டு நின்றாள்.

நாலு வரி முடிந்ததும் தனுஷியா படியிறங்கி வந்தாள். கால் போட்டிருந்தாள். "காக்கா, ரெண்டு கிழமைக்கொருக்கா நீங்க காத்தான்குடியில இரிந்து வருவீங்களா?"

"வருவன் மகள். எனக்கென்ன வேலை."

"நான் ஒருக்காத் தள்ளிப் பாக்கட்டா?"

ஆதம்பாவா அவளுடைய கால்களைப் பார்த்தார். பிறகு கைப்பிடியைப் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் குனிந்து, திருகாணி இரண்டைத் தளர்த்தி, கைப்பிடியை அவளுடைய இடுப்பு உயரத்துக்கு இறக்கினார்.

"பாரத்தை இதுல போடுங்கோ. இது விழாது. நிப்பாட்ட வேணுமெண்டா கையை அழுத்தினாச் சரி."

அவள் தடியைத் தகப்பனிடம் கொடுத்தாள். இரண்டு கையாலும் கைப்பிடியைப் பிடித்துத் தள்ளினாள். முதலில் மெசின் அசையவில்லை. பிறகு ஒரு முழம் போனது. பிறகு சில்லுச் சுழன்றது. அது போக, அவள் பின்னால் போனாள். இரண்டு கையும் ஊன்றுகிற இடத்தில் இருந்ததால் இடுப்பு எழும்பி விழுவது குறைந்திருந்தது. வேலியடியில் போய் நின்றாள். திரும்புவது எப்படியென்று ஒருவரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அருமைநாயகம் ஒரு அடி எடுத்து வைத்தார். புஸ்பம் அவருடைய சாரத்தைப் பிடித்து நிறுத்தினாள். தனுஷியா கைப்பிடியை அமர்த்திச் சில்லைக் கிளப்பி, நல்ல காலைச் சுற்றி மற்றக் காலை மெதுவாகக் கொண்டுவந்தாள். மெசின் இந்தப் பக்கம் பார்த்தது.

"வரி கோணலாப் போயிரிக்கி" என்றார் ஆதம்பாவா, தொழில் தெரிந்தவனின் கண்ணோடு.

"அடுத்தது நேரா வரும்" என்றாள்.

அன்று பின்னேரம் ஆதம்பாவா தனியே பஸ்ஸில் திரும்பினார். இரவல்தான், அலகு மொட்டையானால் தன்னைக் கூப்பிட வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். உடுப்புக் காயப்போட ஹஸீனாவுக்குக் கயிறு கட்டிக் கொடுக்க வேண்டும் என்றும் சொன்னார்.

இரண்டு கிழமை கழித்து, ஒரு புதன்கிழமை. அருமைநாயகம் வட்டையில், புஸ்பம் கோயிலில். தனுஷியா வீதிப்பக்கத்து வரியைத் தள்ளிக்கொண்டிருந்தாள். கடற்கரையிலிருந்து வந்த மீன்காரர் ஒருவர் சைக்கிளைக் கடப்படியில் நிறுத்தி ஒரு காலை ஊன்றினார். அவள் கண்டாள். இப்போது என்ன கேட்பார் என்று அவளுக்குத் தெரியும். மூன்று வருஷமாக அந்தக் கேள்விக்குத்தான் அவள் வீதிக்கு வராமல் இருந்தாள். வரியைப் பாதியில் விட மனமில்லாமல் தள்ளினாள்.

"புள்ள" என்றார் மீன்காரர். "இது என்ன மெசின்? பெற்றோல் ஊத்துறதா?"

அவள் நின்றாள். "இல்ல. தள்ளினா வெட்டும்."

"சத்தமே இல்லாம வெட்டுதே. உள்ளுக்குள்ள கத்தி சுத்துறதா?"

"அஞ்சு அலகு இரிக்கி. கீழ ஒரு தகடு. அதுக்குள்ள புல்லுப் பிடிபட்டாக் கத்தரிக்கோல் மாதிரி."

"நெல்லு வெட்டுமா?"

"நெல்லு வெட்டாது. ஒரு சாணுக்கு மேல நிண்டா இதுக்கு ஏலாது" என்றாள். அவளுக்குச் சிரிப்பு வந்தது.

அவர் சைக்கிளை வேலியில் சாத்தினார். மீன்பெட்டிக்கு மேல் ஈரச் சாக்கை இழுத்துவிட்டு, கழுத்தை நீட்டிச் சில்லைப் பார்த்தார். "நான் ஒருக்காத் தள்ளிப் பாக்கலாமா?"

"இந்த வரி முடியட்டும்" என்றாள் தனுஷியா. "நில்லுங்க, தாறன்."

அவர் வெயிலில் நின்றார்.